நெக் நேராக இருக்கிறதா? பழைய ஜப்பான் எலக்ட்ரிக் கிட்டார்கள்: வாசகர் கேள்வி-பதில்

1960கள் முதல் 80களின் நடுப்பகுதி வரை ஜப்பானில் செய்யப்பட்ட எலக்ட்ரிக் கிட்டார்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஃபெண்டர், கிப்ஸன் வாங்கப் பணம் இல்லாதவர்கள் வாங்கிய மலிவு கிட்டார்கள்தானே இவை? இப்போது ஏன் இப்படித் தேடி அலைகிறார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

மலிவாக விற்றவை என்பது உண்மைதான். ஆனால் அந்த மலிவே இவற்றுக்குத் தனிக் குரலைக் கொடுத்துவிட்டது.

ஜப்பானில் 1965 ஜனவரியில் அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் குழு சுற்றுப்பயணம் செய்தது. அதைத் தொடர்ந்து இளைஞர்களிடையே எழுந்த வேகத்துக்கு அங்கே 'எலெக்கி பூம்' என்று பெயர். அதே சமயம் அமெரிக்காவில் பீட்டில்ஸ் அலை. அங்குள்ள கடைகளுக்குக் குறைந்த விலையில் ஆயிரக்கணக்கில் கிட்டார்கள் தேவைப்பட்டன. டெய்ஸ்கோ, குயாடோன், கவாய், ஃபுஜிஜென், மட்சுமோக்கு போன்ற ஆலைகள் இரண்டு சந்தைக்கும் ஓயாமல் செய்து அனுப்பின. அமெரிக்க மாடல்களை அப்படியே நகலெடுக்கும் பழக்கம் அப்போது முழுதாக வரவில்லை. அதனால் நான்கு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), வரிசையாக ராக்கர் ஸ்விட்ச், கோடு போட்ட அலுமினியப் பிக்கார்டு (உடலின் மேல் பதிக்கும் காப்புத் தகடு), வளைந்து நெளிந்த கொம்புகள் என்று வடிவமைப்பாளர்கள் தோன்றியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். டெய்ஸ்கோவின் ஸ்பெக்ட்ரம் 5, மே குவீன் இரண்டையும் ஒருமுறை படத்தில் பார்த்தால் மறக்க முடியாது.

ஒலிக்கு வருவோம். டெய்ஸ்கோவின் 'கோல்டு ஃபாயில்' பிக்கப்பில் ரப்பர் போன்ற தட்டையான ஃபெரைட் காந்தம் இருக்கும். இழுவிசை குறைவு என்பதால் அது கம்பியின் அதிர்வைப் பிடித்து நிறுத்துவதில்லை. உள்ளே மெழுகு ஊற்றியிருக்க மாட்டார்கள். விரல் நகம் கம்பியில் உரசும் சத்தம்கூட மேல்மூடி வழியாக ஒலியில் சேர்ந்துவிடும். கம்பியின் மேல் குழாயை நகர்த்தி ஸ்லைடு வாசிப்பவர்களுக்கு இது பொக்கிஷம். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக் (கழுத்து) பக்கம் இதைப் பொருத்தி வாசித்தபின் பழைய டெய்ஸ்கோக்களின் மதிப்பே மாறியது. (கோல்டு ஃபாயில் என்பது தோற்றத்தை வைத்து வந்த பெயர். அமெரிக்க டிஆர்மாண்ட் பிக்கப்புகளுக்கும் அதே பெயர் உண்டு. உள்ளமைப்பு வேறு, ஒலியும் வேறு.) சிக்காகோவின் ப்ளூஸ் கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லர் வாசித்ததும் மலிவான ஜப்பான் கிட்டார்தான். நிர்வாணாவின் கர்ட் கோபேன் வைத்திருந்த யூனிவாக்ஸ் ஹை-ஃப்ளையர் மட்சுமோக்கு ஆலையில் பிறந்தது. இங்கிலாந்தின் ஹாங்க் மார்வின் ஃபெண்டர் கைக்கு வருமுன் ஆன்டோரியா என்ற பெயரில் விற்ற குயாடோனைத்தான் வாசித்தார். இந்த ஒலி விலை உயர்ந்த புதுக் கிட்டாரில் கிடைக்காது. தேடி அலைவதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: 'லாசூட் கிட்டார்' என்று சொல்லி ஒருவர் இரட்டை விலை கேட்கிறார். அது என்ன வழக்கு? அந்த விலை தகுமா? (சென்னை வாசகர்)

வழக்கு நிஜமாகவே நடந்தது. கிப்ஸனின் அப்போதைய தாய் நிறுவனமான நார்லின், 1977 ஜூன் மாதம் பிலடெல்பியா ஃபெடரல் நீதிமன்றத்தில் எல்ஜர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. ஐபனெஸ் பெயரின் உரிமையாளரான நகோயாவின் ஹோஷினோ காக்கிக்கு எல்ஜர் அமெரிக்கக் கிளை. சண்டை கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. திறந்த புத்தகம்போல் இருக்கும் கிப்ஸனின் மேல் விளிம்பை நகலெடுத்தார்கள் என்பது புகார். 1978-இன் தொடக்கத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வழக்கு வருவதற்கு முன்பே ஐபனெஸ் அந்த வடிவத்தைக் கைவிட்டிருந்தது.

ஆகவே வழக்கில் இருந்தது ஒரே பெயர், ஒரே ஒரு வடிவம். மற்ற ஜப்பான் பெயர்களான கிரெக்கோவோ டோக்காயோ பர்னியோ அந்த வழக்கில் இல்லை. 'லாசூட்' என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். கிட்டாரைப் பார்த்துக் கொடுங்கள்.

எப்படிப் பார்ப்பது? 1970களின் தொடக்கத்தில் வந்த, கிப்ஸனின் லெஸ் பால் மாடல் நகல்களில் பெரும்பாலும் நெக் போல்ட்டில் பொருத்தியிருக்கும். மேற்பலகை வளைத்த ப்ளைவுட், அதன் அடியில் வெற்றிடம். தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும். 1970களின் கடைசியில் நிலைமை தலைகீழானது. கிரெக்கோ, டோக்காய் இரண்டும் ஒட்டிய நெக், திடமான மஹோகனி என்று அமெரிக்கப் பழைய மாடல்களை அக்கறையோடு செய்யத் தொடங்கின. டோக்காயின் லெஸ் பால் நகல் 1978-இல் வந்தது; லவ் ராக் என்ற பெயர் பின்னால் வந்தது. இவற்றில் மாடல் எண்ணே அந்நாளைய விலை: கிரெக்கோ இ.ஜி.500 என்றால் 50,000 யென், இ.ஜி.1000 என்றால் 1,00,000 யென், டோக்காய் எல்.எஸ்.80 என்றால் 80,000 யென். எண் கூடக் கூட மரமும் பிக்கப்பும் உயர்ந்த தரம். விற்பவர் எவ்வளவு புகழ்ந்தாலும் முதலில் மாடல் எண்ணைக் கேளுங்கள்.

நகல் அல்லாத ஒன்று வேண்டுமென்றால் 1976-இல் வந்த யமஹா எஸ்.ஜி.2000 இருக்கிறது. நெக் மரம் உடலின் கடைசிவரை ஊடுருவிச் செல்லும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைத் தகடு பதித்திருப்பார்கள். கார்லோஸ் சான்டானா வாசித்தது இந்த வரிசையைத்தான். தோள் வலி வருமளவு கனம். ஆனால் தட்டிய சுரம் நெடுநேரம் நிற்கும்.

கேள்வி: தலையில் பெயரே இல்லாத கிட்டார் ஒன்று கிடைத்தது. எந்த ஆலை, எந்த வருடம் என்று கண்டுபிடிக்க முடியுமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பெயர் இருந்தாலும் அது ஆலையின் பெயராக இருக்காது. இறக்குமதி செய்த கடைக்காரர் தன் பெயரை ஒட்டிக்கொள்வார். சியர்ஸ் கடையின் சில்வர்டோன், இங்கிலாந்து வுல்வொர்த் கடையின் ஆடிஷன் எல்லாம் அப்படி வந்தவையே. கென்ட் என்ற ஒரே பெயரில் பல ஆலைகளின் சரக்கு உண்டு.

நெக்கை உடலோடு இறுக்கும் பின்பக்கத் தகடான நெக் பிளேட்டில் தொடங்குங்கள். 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக், மேட் இன் ஜப்பான்' என்ற பொறிப்பு 1970களின் மட்சுமோக்குவுக்கு வலுவான அடையாளம். மட்சுமோட்டோ நகரில் இருந்த அந்த ஆலை தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்து வளர்ந்தது. ஏரியா, யூனிவாக்ஸ், எலக்ட்ரா, வெஸ்டோன் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1987-இல் மூடப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் வந்த ஐபனெஸிலும் கிரெக்கோவிலும் ஆங்கில எழுத்து ஒன்றும் ஆறு எண்களும் இருந்தால் அது அதே நகரின் ஃபுஜிஜென் ஆலை. எழுத்து மாதம்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு எண் வருடம். சி77 என்று தொடங்கினால் 1977 மார்ச். 1982-இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் முதல் கிட்டார்களில் ஜே.வி. என்று தொடங்கும் எண் இருக்கும். அவையும் ஃபுஜிஜென் செய்தவைதாம்.

1960களின் கிட்டார்களில் எண் பெரும்பாலும் பயன்படாது. பிக்கார்டைக் கழற்றுங்கள். நெக்கின் அடிப்பகுதியையும் அது உட்காரும் குழியையும் பாருங்கள். முத்திரையோ பென்சில் குறியோ இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் பிக்கப், ட்ரெமலோ (கம்பிகளை ஆட்டிச் சுரத்தை அசைக்கும் கைப்பிடி அமைப்பு), தலை வடிவம் மூன்றையும் படங்களோடு ஒப்பிட வேண்டியதுதான். பிக்கப்பை வைத்துச் சொல்வது மற்ற இரண்டையும்விட நம்பகமானது. வடிவத்தை ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள். பிக்கப்பை ஆலைகள் அவ்வளவு எளிதில் மாற்றவில்லை.

கேள்வி: நேரில் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து வாங்கப் போகிறேன். எதைக் கேட்க வேண்டும்? (சிங்கப்பூர் வாசகர்)

நெக்கைக் கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம், மாற்றலாம். முறுக்கிக்கொண்ட நெக்கை நியாயமான செலவில் சரிசெய்ய முடியாது.

1960களின் பல கிட்டார்களில் நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற தண்டு கிடையாது. உள்ளே அசையாத இரும்புப் பட்டை மட்டும் இருக்கும். ஐம்பது அறுபது வருடம் கம்பியின் இழுப்பைத் தாங்கிய மரம் முன்பக்கம் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விற்பவரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பகுதியிலிருந்து பிரிட்ஜை நோக்கி நெக்கின் விளிம்போடு எடுத்த படம், இரண்டு பக்கமும். 12ஆம் ஃப்ரெட்டில் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சிறிய ஸ்கேல் நிறுத்தி, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி தெரியும் படம். பிரிட்ஜைப் பக்கவாட்டில் எடுத்த படம். இந்தக் கடைசிப் படத்தைப் பலர் கேட்பதில்லை. பிரிட்ஜ் ஏற்கெனவே அடிமட்டத்தில் உட்கார்ந்திருந்து, 12ஆம் ஃப்ரெட்டில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால், இறக்குவதற்கு இடமே இல்லை என்று பொருள்.

ட்ரஸ் ராட் உள்ளதென்றால் அதன் திருகு நட் இன்னும் திரும்புகிறதா, முழுக்க இறுகிவிட்டதா என்று கேளுங்கள். அடுத்து ஒவ்வொரு பிக்கப்பும் தனித்தனியே ஒலிக்கிறதா? ட்ரெமலோ கை இருக்கிறதா? அதன் திருகு அளவு ஆலைக்கு ஆலை வேறு. தொலைந்த கைக்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு. வண்ணம் உரிந்திருப்பது, நிக்கல் மங்கியிருப்பது, குமிழ் ஒன்று வேறாக இருப்பது இவற்றுக்கெல்லாம் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அதற்காக வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 1960களின் கிட்டார். கம்பி விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ட்ரஸ் ராட் இல்லை. வழி உண்டா? (மதுரை வாசகர்)

கம்பி உயர்ந்திருப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் வேறு. நெக் நேராகவே இருந்து, உடலோடு சேரும் கோணம் தவறாக இருக்கலாம். அல்லது நெக்கே வில்லாக வளைந்திருக்கலாம். முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும்.

கம்பியைச் சுரத்துக்கு ஏற்றுங்கள். தடித்த இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே உங்களுக்கு நேர்கோல். 7, 8ஆம் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியை, அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. என்றால் நெக் ஆரோக்கியமானது, குற்றம் கோணத்தில். 0.7 மி.மீ.யைத் தாண்டினால் வளைவு.

கோணம்தான் என்றால் வீட்டிலேயே ஒரு மணி நேர வேலை. கம்பிகளைத் தளர்த்தி, நெக் பிளேட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். குழியில் உள்ள பெயிண்ட் கட்டி, மரத்தூள், யாரோ முன்பு வைத்த காகிதம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். (சில சமயம் அந்தக் காகிதத்தைத் தவறான முனையில் வைத்ததே நோய்க்குக் காரணமாக இருக்கும்.) குழியின் பிரிட்ஜ் பக்க முனையில், 10 மி.மீ. அகலத்தில், 0.5 மி.மீ. கனமுள்ள மரச்சீவல் ஒன்றை வையுங்கள். விசிட்டிங் கார்டு இரண்டு மடிப்பும் ஏறக்குறைய அந்தக் கனம் வரும். நெக்கை வைத்து மறுபடி திருகுங்கள். திருகை முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பினால் பழைய புரியில் 'டக்' என்று விழும். அதன்பின் முடுக்குங்கள். நேராக முடுக்கினால் புதுப் புரி வெட்டி மரம் பொடியாகும்.

0.5 மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். குழி 75 மி.மீ. நீளம், குழியின் முன்விளிம்பிலிருந்து பிரிட்ஜ் 210 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சாய்வு பிரிட்ஜ் இருக்குமிடத்தில் 1.4 மி.மீ. ஆகிவிடும். 12ஆம் ஃப்ரெட் பாதித் தூரம் என்பதால் அங்கே கம்பி சுமார் 0.7 மி.மீ. இறங்கும். அதனால் 1 மி.மீ.க்கு மேல் கனமாக எதையும் வைக்காதீர்கள். நீண்ட காலத்துக்கு முனையில் மட்டும் தாங்கும் துண்டைவிட, குழி முழுவதும் படியும் ஆப்பு வடிவச் சீவல் நல்லது. நடுவில் வெற்றிடம் இருந்தால் நெக்கின் அடிப்பகுதி காலப்போக்கில் மேல்நோக்கி வளைய இடமுண்டு.

வளைவு என்றால் பொறுமை வேண்டும். லேசான வளைவுக்கு முதல் மருந்து மெல்லிய கம்பி. அதுவும் போதவில்லையென்றால் நல்ல கைவினைஞரிடம் போங்கள். அவர் ஃப்ரெட்டுகளை உருவி, ஃப்ரெட்டுகள் பதிந்த பலகையான ஃபிங்கர்போர்டைச் சீவி நேராக்கிப் புது ஃப்ரெட் அடிப்பார். இன்னொரு முறையில், வெட்டுவாயைவிடச் சற்றே தடித்த அடிப்பாகமுள்ள ஃப்ரெட்டுகளை அடித்து, அந்த நெரிசலாலேயே நெக்கைப் பின்னுக்குத் தள்ளலாம். மிதமான வளைவுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. சூடேற்றி நெக்கை நேராக்குவதும் உண்டு. ஆனால் சில மாதத்தில் பழையபடி திரும்பிவிடக்கூடும் என்பதால் அதற்கு நாங்கள் பரிந்துரை செய்வதில்லை. ஃபிங்கர்போர்டைப் பிரித்து கார்பன் தண்டு பதிப்பது நிரந்தரத் தீர்வு. கிட்டாரின் விலையைவிடக் கூலி கூடும்.

இந்தக் கிட்டார்களில் 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2.2 மி.மீ., மெல்லிய கம்பி 1.8 மி.மீ. வந்தால் திருப்தியடையுங்கள். ஸீரோ ஃப்ரெட் (முதல் ஃப்ரெட்டுக்கு முன், தலைப்பக்கம் திறந்த கம்பியைத் தாங்கும் ஃப்ரெட்) உள்ள கிட்டாரில் திறந்த கம்பி மட்டும் இரைந்தால் நெக்கில் கை வைக்கவே வேண்டாம். அந்த ஸீரோ ஃப்ரெட் தேய்ந்திருக்கும். மற்றவற்றைவிட மயிரிழை உயரமாக ஒன்றைப் போட்டால் போதும்.

கேள்வி: எந்தக் கம்பி போடுவது? 9 போட்டால் தொளதொளவென்று இருக்கிறது. (மதுரை, சேலம் வாசகர்கள்)

9, 10, 11 என்பவை மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்காக. ஸ்கேல் நீளத்தை, அதாவது கம்பி ஒலிக்கும் நீளத்தை அளந்தீர்களா? ஸீரோ ஃப்ரெட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டியுங்கள். பல 1960களின் மாடல்கள் 610 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 648. நீளம் குறைந்தால் அதே சுரத்துக்கு இழுவிசையும் குறையும். 10–46 கம்பிகள் ஆறும் சேர்ந்து 648-இல் ஏறக்குறைய 47 கிலோ இழுக்கும். 610-இல் 42 கிலோவுக்குள் அடங்கிவிடும். 610-இல் 11–49 போட்டால்தான் அதே 47, 48 கிலோ வரும். ஆகவே நெக் நேராக இருக்கும் 610-க்கு 11, நெக்கில் சந்தேகமிருந்தால் 10. உடலில் திருகாமல் வைத்திருக்கும் மிதக்கும் பிரிட்ஜ் உள்ளவற்றில் 9 போட்டால் கம்பி தன் பள்ளத்திலிருந்து குதித்துவிடும்.

மிதக்கும் பிரிட்ஜை இடம் பிடித்து வைப்பதும் இதோடு சேர்ந்தது. 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தின் ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) ஏறி நின்றால் பிரிட்ஜை வாலை நோக்கித் தள்ளுங்கள். இறங்கி நின்றால் நெக்கை நோக்கி. இரு பக்கக் கம்பிகளும் சரியானதும் அடிப்பாகத்தைச் சுற்றிப் பென்சிலால் லேசாகக் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஆம்ப்பில் கொஞ்சம் ஓவர்டிரைவ் ஏற்றினாலே 'கீ...' என்று கத்துகிறது. (திருச்சி வாசகர்)

மெழுகு ஊற்றாத பிக்கப்பில் ஒயர்ச் சுருளான காயிலும் மேல்மூடியும் தளர்வாக இருக்கும். ஸ்பீக்கரின் அதிர்வில் அவை ஆடி, அந்த ஆட்டமும் ஒலியாகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. கத்தல் அதனால்தான்.

முதலில் எளிய வழி. பெரும்பாலும் குற்றவாளி மூடிதான். மூடியைக் கழற்ற முடிந்தால் உள்ளே காயிலுக்கும் மூடிக்கும் நடுவில் மெல்லிய சிலிகான் ஷீட் வைத்து மூடுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

போதாதென்றால் மெழுகு. பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. தேன்மெழுகு சேர்ப்பது விறைப்பைக் குறைத்து ஒட்டும் தன்மையைக் கூட்ட. பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் சிறிய பாத்திரத்தில் மெழுகு. நேரடித் தீயில் ஒருபோதும் வேண்டாம். மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தெர்மாமீட்டரில் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் தாண்டக் கூடாது. தாண்டினால் காயில் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பாபின் கோணிப்போகும், காயில் அறுந்துவிடும். பிக்கப்பை மல்டிமீட்டரில் அளந்து எழுதிவைத்துக்கொண்டு உள்ளே இறக்குங்கள். காற்றுக் குமிழி வருவது நின்றதும், சுமார் 10 முதல் 15 நிமிடத்தில், எடுத்துத் துடைத்து ஆறவிட்டு மறுபடி அளங்கள். ரப்பர் காந்தம் உள்ள கோல்டு ஃபாயிலை முழுக்க முக்காமல், காந்தத்தைப் பிரித்துவிட்டுக் காயிலுக்கு மட்டும் செய்வது பாதுகாப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மைக்போன்ற துலக்கம்தான் இந்தப் பிக்கப்பின் உயிர். சத்தம் குறைவாக வாசிப்பவர் மெழுகு ஊற்றவே வேண்டாம்.

கேள்வி: இரண்டு பிக்கப்பில் ஒன்று செத்துவிட்டது. வால்யூம் திருகினால் கரகரவென்கிறது. கம்பியைத் தொட்டாலும் ஹம் நிற்பதில்லை. (ஈரோடு வாசகர்)

மூன்றும் வேறு வேறு நோய். பிக்கப் செத்தது என்று முடிவு கட்டுமுன் ஸ்விட்சைச் சந்தேகியுங்கள். ராக்கர், ஸ்லைடு ஸ்விட்சுகளின் உள்தகடு கறுத்துவிடும். கான்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சி இருபது முப்பது முறை போட்டு எடுங்கள். வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள 'பாட்'டுக்கும் (பொட்டென்ஷியோமீட்டர்) இதே சிகிச்சை. துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அந்தப் பிசுபிசுப்பில் தூசி படிந்து ஆறு மாதத்தில் இன்னும் மோசமாகும்.

அப்படியும் ஒலி வரவில்லையென்றால் அந்தப் பிக்கப்பின் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். சில கிலோ ஓம் காட்டினால் உயிர் இருக்கிறது. எல்லையற்றது என்று காட்டினால் அறுந்திருக்கிறது. காயிலின் மெல்லிய ஒயர் வெளி ஒயரோடு சேரும் பற்றவைப்பில் பச்சை பூத்து அறுவது மிகச் சாதாரணம். லென்ஸ் வைத்துப் பார்த்து அங்கே மறுபடி பற்றவைத்தால் பிழைக்கும். உள்ளே அறுந்திருந்தால் மறுசுற்றுதான். வழக்கமான ஒயர் 0.063 மி.மீ. தடிமன்.

ஹம்முக்குக் காரணம் பெரும்பாலும், கம்பிகளின் வால்முனையை மாட்டும் டெயில்பீஸுக்குப் போகும் எர்த் ஒயர். கம்பியிலிருந்து ஜாக்கின் வெளிப்பகுதிக்கு மீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். இல்லையென்றால் ஒரு ஒயரை டெயில்பீஸின் அடியில் நசுங்கும்படி விட்டு, மறுமுனையைப் பாட்டின் முதுகில் பற்றவையுங்கள்.

பாட்டை மாற்ற நேர்ந்தால் அமெரிக்க அளவு வாங்கிவிடாதீர்கள். அதன் கழுத்துக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும். ஜப்பான் பாட்டுக்கு 7 அல்லது 8 மி.மீ. தண்டின் பற்களும் வேறு: ஜப்பான் குமிழ் 18 பல், அமெரிக்கப் பாட் 24 பல். அடித்து இறக்கினால் ஐம்பது வருடக் குமிழ் இரண்டாகப் பிளக்கும். பழைய பாட்டின் மதிப்பை அளந்து அதையே வாங்குங்கள்.

கேள்வி: ஜப்பான் ஏலத்தில் 'ஜங்க்' என்று போட்டு மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா? (சென்னை வாசகி)

ஜப்பானில் 'ஜங்க்' என்பது குப்பை என்ற பொருளில் வருவதல்ல. விற்பவர் எந்த உத்தரவாதமும் தரமாட்டார், திருப்பி எடுக்கமாட்டார் என்ற அறிவிப்பு அது. ஹார்ட் ஆஃப் போன்ற பழம்பொருள் கடைகளிலும் இதற்கெனத் தனி மூலை உண்டு. ஒரு ஒயர் அறுந்ததற்காக ஜங்க் ஆனதும் கிடைக்கும், நெக் முறுக்கியதற்காக ஆனதும் கிடைக்கும். விவரிப்பைப் படிக்கத் தெரிய வேண்டும்.

'ஜுன்ஸோரி' என்றால் நெக் முன்வளைவு. 'க்யாக்குஸோரி' பின்வளைவு. 'நெஜிரே' என்றால் முறுக்கு, அந்தச் சொல்லைப் பார்த்ததும் நகர்ந்துவிடுங்கள். 'ஓதோதாஷி காக்குனின்ஸுமி' என்றிருந்தால் ஒலி வருவதைச் சோதித்துவிட்டார்கள். ஃப்ரெட் எவ்வளவு மிச்சம் என்பதைப் பத்தில் எத்தனை பங்கு என்று எழுதுவார்கள். ஏழு என்றால் இன்னும் பல வருடம் வாசிக்கலாம். ஐந்துக்குக் கீழே என்றால் புது ஃப்ரெட் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி இந்தச் சொற்களைப் பல நேரம் குழப்பிவிடுகிறது, மூல எழுத்தையே அடையாளம் கண்டுகொள்வது நல்லது.

ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டால் சுங்கத்தில் சிக்கல் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2017-இல் ரோஸ்வுட் இனங்கள் எல்லாம் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 நவம்பர் முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை, அதற்குச் சான்றிதழ் வேண்டும். சுங்க வரியை வாங்குமுன் விசாரித்து, கிட்டார் விலையோடு தபால் செலவையும் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

அனுப்பும்போது கம்பியைத் தளர்த்தச் சொல்லுங்கள். மிதக்கும் பிரிட்ஜைக் கழற்றித் தனியே சுற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது பெட்டிக்குள் உருண்டு பிக்கார்டைக் கீறிவிடும். போல்ட் நெக் என்றால் கழற்றி அனுப்பச் சொல்லலாம், பெட்டி சிறிதாகும், கூலியும் குறையும்.

கேள்வி: கிட்டாரோடு பழைய ஜப்பான் ஆம்ப்பும் வருகிறது. நேராகச் செருகலாமா? (தூத்துக்குடி வாசகர்)

கூடாது. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். நம் 230-இல் செருகினால் அந்தக் கணமே டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 110 வோல்ட் ஸ்டெப்-டவுனும் சரியல்ல. பத்து சதவீதம் அதிகம், நம் லைன் 245-க்கு ஏறும் நாளில் அது 117 ஆகிவிடும். 100 வோல்ட் வெளியீடு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஆம்ப்பின் பின்னால் எழுதியுள்ள வாட்டைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும். வால்வு ஆம்ப் என்றால் இயக்குமுன் தெரிந்தவரிடம் கொடுத்து ஃபில்டர் கப்பாசிட்டர்களை மாற்றி, மூன்று பின் எர்த் போடச் சொல்லுங்கள். அணைத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். நீங்களாகத் திறக்க வேண்டாம்.

கேள்வி: வண்ணம் உரிந்திருக்கிறது. புதுப் பெயிண்ட் அடித்து, கீ (கம்பியை முறுக்கிச் சுரம் சேர்க்கும் திருகு), பிக்கப் எல்லாம் புதிதாக்கினால் மதிப்புக் கூடுமா? (புதுச்சேரி வாசகர்)

குறையும். பெயிண்டைத் தொடாதீர்கள். அழுக்கை ஈரத்துணியால் துடையுங்கள். ஒட்டுப்பிசின் தடங்களுக்கு லைட்டரில் ஊற்றும் நாஃப்தா போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிக்கார்டையும் பெயிண்டையும் கரைத்துவிடும்.

கீ விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சுரம் நிற்கவில்லை என்று பலர் முதலில் கீயைத்தான் மாற்றுகிறார்கள். குற்றம் பெரும்பாலும், தலைப்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் துண்டான நட்டின் பள்ளத்திலும் ட்ரெமலோ அச்சிலும் இருக்கும். பள்ளத்தில் பென்சில் கிராஃபைட் தேய்த்து, அச்சில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பாருங்கள். திறந்த பல்சக்கரங்களுக்கும் அதே ஒரு துளி. பிளாஸ்டிக் பொத்தான் உதிர்ந்திருந்தால் பொத்தானை மட்டும் மாற்றலாம். கீயையே மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் பழைய திருகுத் துளைகளுக்குப் பொருந்துவதைத் தேடுங்கள், தலையில் புதுத் துளை போடாதீர்கள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் பாகத்தையும் பெயர் எழுதிய கவரில் போட்டுக் கிட்டார் பெட்டியிலேயே வைத்திருங்கள். பின்னாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தக் கவரைத்தான்.